தாவரவியல் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மேடையில் கேடயம் வாங்கும் பிள்ளையின் பெயரை மைக்கில் வாசிக்க ஐந்து விநாடி போதும். அந்தப் பெயர் பட்டியலில் ஏற மூன்று வருஷமாக யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதை அழைப்பிதழில் அச்சடிக்க இடமிருப்பதில்லை. இந்த ஆண்டு இளங்கலைத் தாவரவியல் முடித்துப் போகும் மாணவர்களின் சாதனைப் பட்டியலைத் தயாரித்தவர்கள் என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறோம்.

முதல் நன்றி ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்ட மேஸ்திரி ஐயாவுக்கு. சிறந்த ஆய்வேட்டுப் பரிசு பெற்றது காப்பிப் பூவின் மகரந்தச் சேர்க்கை பற்றிய ஆய்வு. காப்பி மொட்டு கோடையில் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் அளவுக்காவது மழை பெய்தால்தான் விழிக்கும். பெய்த எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துப் பயனில்லை. அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்போதே, மலைப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே மழை கொட்டித் தீர்த்திருக்கும். மழை விட்ட அன்றைக்கே ஐயா போன் செய்தார்: “பூ மழை பெஞ்சிருச்சுங்க, ஒரு வாரத்துக்குள்ள பையோட வந்துருங்க.” அந்தப் போன் வராமல் போயிருந்தால் அடுத்த பூப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அப்போது மாணவிக்கு இறுதிப் பருவத் தேர்வு.

ஐயா சொன்ன அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தவர் சேலம் குகைப் பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. மொட்டு விரியும் முன்பே கிளைக்குப் பை மாட்டித் தேனீயைத் தடுக்க வேண்டும். பாலித்தீன் பை உள்ளே வியர்த்து மொட்டைக் கருக்கிவிடும் என்பதால் மெல்லிய மல் துணிதான் சரி. ஓர் அடி நீளம், அரை அடி அகலம், வாயில் சுருக்குக் கயிறு. கயிற்றை நேராகக் கிளையில் இறுக்கினால் பட்டை நசுங்கும். முதலில் ஒரு சுற்றுப் பஞ்சு வைக்க வேண்டும். அந்தப் பஞ்சையும் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் அக்காதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அராபிகா காப்பி. அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும் இனம் என்பதால் பைக்குள்ளும் பிஞ்சு பிடிக்கும். பைக்கு வெளியே எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறது என்பதுதான் தேனீயின் பங்கு. பூ உதிர்ந்ததும் எண்ணினால் கணக்கு ஏமாற்றும். பிஞ்சு குண்டூசித் தலை அளவிலேயே சில வாரம் நிற்கும், அதிலும் கொஞ்சம் உதிரும். அதனால் இரண்டாம் முறையும் மலை ஏறி எண்ண வேண்டியிருந்தது. அன்றும் தோட்டத்து அக்காமார்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, கட்டிய கிளை எது, கட்டாத கிளை எது என்று அடையாளம் காட்டினார்கள்.

ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு நன்றி சொல்ல ஹெர்பேரியம் ஷீட்டிலிருந்துதான், அதாவது உலர்த்திய செடியைத் தைத்து வைக்கும் அட்டையிலிருந்துதான், தொடங்க வேண்டும். செடியைப் பறித்த அன்றே நாளிதழுக்கு இடையில் வைத்து அழுத்தியாக வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். மலையில் மூடுபனி இறங்கிய வாரம் என்றால் காலை மாலை இரண்டு வேளை. ஒரு நாள் விட்டாலும் பூசணம் பூத்து இலை கறுத்துவிடும். வழவழப்பான வார இதழ்த் தாள் ஈரம் குடிக்காது, சாதா நாளிதழ்தான் வேண்டும். அஸ்தம்பட்டி டீக்கடைக்காரர் மாதம் ஒரு கட்டு எடுத்து வைத்துக் கொடுத்தார், பழைய பேப்பர் விலைகூட வாங்கவில்லை. சனி, ஞாயிறு விடுமுறையில் வந்து தாள் மாற்றியது அண்ணன். 42 செ.மீ.க்கு 29 செ.மீ. அட்டையில் தண்டை நூலால் தைத்து, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி ஒட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்றியவரும் அவரே. (எங்கள் வகுப்பில் கேட்டதைவிட அவரிடம் கேட்டதுதான் கையில் நிற்கிறது என்று பிள்ளைகள் சொல்வது உண்மை.) ஆர்க்கிட் எதையும் பிடுங்கவில்லை, அவை படமாக மட்டுமே ரெக்கார்டில் இருக்கின்றன.

தேர்வுப் பிரிவு எழுத்தர் அம்மா இல்லாவிட்டால் தரவரிசையே தப்பாகப் போயிருக்கும். பல பேர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் (பாடத்துக்குத் தரும் எடை) பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 5 கிரெடிட் பாடத்தில் 9.2, 3 கிரெடிட்டில் 8.4, 2 கிரெடிட்டில் 7.0 என்றால் சாதாரணச் சராசரி 8.2, முறையான கணக்கு 85.2 ஐ 10 ஆல் வகுத்து 8.52. முதல் இரண்டு இடங்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் இதைவிடச் சிறியது. பெயர்ச் சிக்கலையும் அவரே முன்கூட்டிப் பிடித்தார். ஆதாரில் இனிஷியல் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் என்று இருந்தால், மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஏபிசி ஐடி எடுக்கும்போது இடிக்கும். இறுதிப் பருவத்தில் திருத்த ஓடினால் பட்டச் சான்றிதழ் தள்ளிப்போகும். முதல் வருஷமே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சரிபார்த்தார்.

கொண்டலாம்பட்டித் தறிப்பட்டறை உரிமையாளருக்குத் தனியாக ஒரு நன்றி. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், அதில் 75 சதவீதம் வருகை வேண்டும். 22 நாள் விடுப்பு வரை தாங்கும், 23ஆம் நாள் ஹால் டிக்கெட்டுக்குச் சிக்கல் வரும். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் தூங்கிப்போகும் பையனின் விடுப்புக் கணக்கு 19இல் நின்றபோது, கூலியைக் குறைக்காமல் மாலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார். அந்தப் பையன்தான் துறையில் இரண்டாம் இடம்.

என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர் இரண்டு ஆண்டின் 240 மணி நேரத்தையும் தேதி, இடம், வேலை மூன்றும் போட்டு அன்றன்றே எழுதினார். மொத்தமாக எழுதும் பதிவேடுதான் தணிக்கையில் திரும்பி வரும். என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் படிப்பின் தேர்வுக்குப் பழைய மாணவர்கள் இருவர் ஞாயிறுதோறும் சொல்லிக் கொடுத்தார்கள். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட் மட்டுமே கணக்கு என்றாலும், ஒன்றையும் விட விடவில்லை. விடுதிச் சமையல் அண்ணன் களப்பயண நாளில் நான்கு மணிக்கே புளிசாதம் கட்டினார். அவருக்கும் நன்றி.

தைத்து முடித்த ஷீட்டுகள் துறை ஆய்வகத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன எல்லோரும் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். வலது கீழ் மூலை லேபிளில் சேகரித்தவர் பெயருக்கு அடியில் ‘உதவி’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். டீக்கடைக்காரர் பெயரும் அதில் இருக்கிறது.

நன்றியுடன்,
தாவரவியல் துறை ஆசிரியர்கள்,
சேலம்.