ஸ்பீக்கர்ல போட முடியாத கடிதம்

ஹச்சியோஜி, ஜப்பான்,
தை கடைசி வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. இந்தப் பராமரிப்பு வேலைக்கான பரீட்சை முடியட்டும்னு வச்சிருந்தேன். அது ஜனவரி கடைசி ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது, ரிசல்ட் மார்ச்ல. பாஸானா அஞ்சு வருஷம்தான் இருக்கலாம்ங்கற கணக்கு போய், விசாவைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கலாம். நல்லாத்தான் எழுதியிருக்கேன். இதுக்கு மேல அதைப் பத்திக் கேக்காத.

இதெல்லாம் போன்ல சொல்லக்கூடாதான்னு நீ நினைப்ப. நீ போனை ஸ்பீக்கர்ல போட்டுத் திண்ணையில வச்சிடற. எதுத்தாப்புல பெரியப்பா பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருப்பார். நான் இங்க தும்மினா அங்க மேலத்தெரு அத்தை கஷாயம் வைக்குது. அதனாலதான் எழுதறேன். இதைத் தனியாப் படி. சின்னவன்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லாத, அவன் வாய் நிக்காது.

அங்க கோயில் குளம் எதுவும் இருக்கான்னு கேட்டிருந்த. இருக்கு. போன ஞாயித்துக்கிழமை மலைக்கோயிலுக்கே போயிட்டு வந்தேன். பக்கத்து ரூம் தாத்தா கூட்டிட்டுப் போனார்.

அவரைப் பத்தி உனக்குச் சொன்னதில்லை. நான் வீடு மாறினதையும் சொல்லலை, இல்லையா? முன்னாடி இருந்த இடம் ஒருத்திக்கு ரொம்பப் பெரிசு. இது சின்ன ரூம், துடைக்கிறதும் சுலபம். செவுருதான் கொஞ்சம் மெல்லிசு. வந்த புதுசுல ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து ரூம்ல யாரோ அதட்டுற மாதிரி சத்தம் கேக்கும். சண்டையோன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, தாத்தா ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். இங்க ரயில் ஓட்டுறவங்க, கொடி காட்டுறவங்க எல்லாரும் சிக்னலைப் பார்த்தா விரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்லணும். அப்படிச் செஞ்சா தப்பு குறையும்னு பழக்கியிருக்காங்க. தாத்தாவுக்கு அது இன்னும் விடலை. கேஸ் குழாயைக் காட்டி, "மூடியாச்சு, சரி!" கதவைக் காட்டி, "பூட்டியாச்சு, சரி!" இப்பல்லாம் அந்த ரெண்டு சத்தமும் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வருது.

ரிட்டயர் ஆனவர் சும்மா இருக்காம, வெளிநாட்டுக்காரங்களைத் தகாவோ மலைக்குக் கூட்டிட்டுப் போற வழிகாட்டி வேலை பாக்கறார். கும்பலா இல்லை, ஒரு குடும்பம், ஒரு நாள், அவ்வளவுதான். காலையில காட்டு வழியா ஏறி, மத்தியானம் கோயில் பார்த்து, சாயந்திரம் ரயில் ஏத்தி விடணும். மார்ச்ல முதல் தடவையா ஒரு இந்தியக் குடும்பம் வருதாம். அதுக்கு ஒத்திகை பாக்க ஒரு இந்தியர் வேணும். சுத்துவட்டாரத்துல நான்தான் கிடைச்சேன். எனக்கு ஒரு யென் செலவு இல்லை.

மலை ஒண்ணும் பெரிசில்ல, 599 மீட்டர்தான். தோக்கியோல ஷிஞ்ஜுகுவில இருந்து ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள அடிவாரத்துல இறக்கி விட்டுரும். எனக்கு இன்னும் பக்கம். அதுக்கே தாத்தா விடியறதுக்கு முன்னாடி கதவைத் தட்டிட்டார். கழுத்துல விசில், முதுகுப் பையில பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அட்டை, அதுல இங்கிலீஷ். அதைப் படிச்சுக் காட்டிட்டு என் மூஞ்சியைப் பார்ப்பார். புரியலைன்னா பென்சில்ல ஒரு சுழி.

குளிரைச் சொல்லி முடியாது. இருந்த துணியையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கிட்டும் மூக்கு நுனி என்னதா இல்லையான்னே தெரியலை. ரூம்லயும் குளிர்தான். ஹீட்டர் போட்டா எனக்குத் தொண்டை வறண்டு போகுது, அதனால போடறதில்லை.

அடிவாரத்துல இருந்து இழுவை ரயில் இருக்கு. 1927-ல இருந்து ஓடுதாம், இந்த நாட்டுலயே இந்த மாதிரி ரயில்ல இதுதான் ரொம்பச் செங்குத்தாம். தாத்தா அதுல ஏத்தலை. "6-ஆம் நம்பர் பாதை, இடது, சரி!"ன்னு விரலை நீட்டிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டார். ஓடையை ஒட்டியே போற பாதை. ரெண்டு பக்கமும் தேவதாரு மாதிரி நெட்டுக்குத்தா மரம், வெயில் தரைக்கு வரவே வராது. வழியில பிவா அருவின்னு ஒண்ணு, சின்னதுதான். அதுக்கடியில வெள்ளை வேட்டி மாதிரி கட்டிக்கிட்டு நின்னு மந்திரம் சொல்லி விரதம் இருப்பாங்களாம். நாங்க போனப்ப யாரும் இல்லை, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்தத் தண்ணியில ஒரு மனுஷன் நிக்கறதைப் பாக்கவே என்னால முடியாது. மேல போகப் போக ஓடையே பாதை ஆயிருது, தண்ணிக்குள்ள கல் பாத்து மிதிச்சு ஏறணும். தாத்தா ஒவ்வொரு கல்லையும் காட்டி "சரி"ங்கறார். மார்ச்ல வர்ற குடும்பத்தை நினைச்சா எனக்குச் சிரிப்பா வருது.

உச்சியில ஃபூஜி மலை தெரிஞ்சுது. குளிர்காலத்துல வானம் துடைச்சு விட்டாப்புல இருக்கும், அதனால தெரியும். ஆனா தாத்தா அதுக்கு அட்டையே எடுக்கலை, "பின்னால பாக்கலாம், வெயில் வந்துரும்"னு என்னை விரட்டிக்கிட்டே உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்கினார். எதுக்குன்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது.

பாதை ஓரத்துல காஞ்சு கருகின செடிங்க, முழங்கால் உயரம். நம்ம பக்கமா இருந்தா பிடுங்கி அடுப்புல வச்சிருப்போம். ஒவ்வொண்ணோட அடித்தண்டுலயும் வெள்ளையா, மடிப்பு மடிப்பா, கண்ணாடித் தாளைச் சுருட்டி விட்ட மாதிரி ஒரு பூ. பூவே இல்லை, அத்தனையும் ஐஸு. செடியோட பேரு ஷிமோபஷிரா. தண்டு செத்துப்போனாலும் வேர் உயிரோட இருந்து தண்ணியை மேல ஏத்திக்கிட்டே இருக்குமாம். ராத்திரிக் குளிர்ல அந்தத் தண்ணி உறைஞ்சு, தண்டை வெடிச்சுக்கிட்டு வெளிய வந்து சுருளுது. வெயில் பட்டா போச்சு. தாத்தா குளிர்ல தரையில குப்புறப் படுத்து, எனக்கும் இடம் விட்டு, "பக்கத்துல பார்"ங்கறார். நானும் படுத்துப் பார்த்தேன். வரிவரியா, அவ்வளவு மெல்லிசு. மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் பாக்கணும், மூச்சுக்காத்து பட்டாலே ஓரம் கரையுது. இதுக்கும் அவர் அட்டை எடுக்கலை. எடுக்காததே நல்லது.

சாப்பாட்டுல ஒத்திகை நின்னுபோச்சு. இந்த மலையில சேனை மாதிரி ஒரு கிழங்கை வழவழன்னு அரைச்சு ஊத்தின சோபாங்கற நூடுல்ஸ் பிரசித்தம். இந்தியக் குடும்பம் சைவம்னு எழுதியிருக்காங்க, அதனால இதுதான் சாப்பாடுன்னு தாத்தா குறிச்சு வச்சிருந்தார். அந்தக் குழம்புல மீன் சாறு இருக்குமே தாத்தான்னேன். மனுஷன் ஆடிப்போயிட்டார். அவருக்கு அது மீன் கணக்குலயே இல்லை! கோயில்ல சுத்த சைவச் சாப்பாடு போடுவாங்க, முன்கூட்டியே சொல்லி வைக்கணும். அதைப் பெரிய எழுத்துல எழுதிக்கிட்டார். நான் நீ குடுத்து விட்ட புளிக்காய்ச்சலைப் போட்டுச் சோறு கிளறி எடுத்துட்டுப் போயிருந்தேன். ரெண்டு பேருமா ஃபூஜியைப் பாத்துக்கிட்டுச் சாப்பிட்டோம். அவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இங்க அரிசி விலை எங்கயோ போயிருச்சும்மா, அஞ்சு கிலோ 4000 யென்கிட்ட வந்துருச்சு. நான் நூடுல்ஸ் பழகிக்கிட்டேன், வயித்துக்கும் லேசா இருக்கு. நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத.

இப்ப கோயில். யாக்குவோ-இன்னு பேர். 744-ல கியோகின்னு ஒரு சாமியார், அப்ப இருந்த சக்கரவர்த்தி சொல்லிக் கட்டினதாம். பௌத்தக் கோயில்தான், ஆனா மூலவரைக் கேட்டா உனக்கே ஆச்சரியமா இருக்கும். இஸுனா தைகொங்கென்னு பேர். அஞ்சு சாமி சேர்ந்து ஒரு உருவமா நிக்கறார். அந்த அஞ்சுல ஒண்ணு கருடன், ஒண்ணு நம்ம பிள்ளையார், இன்னொண்ணு சரஸ்வதி. தாத்தா அட்டையில இதெல்லாம் ஜப்பான் பேர்ல இருந்துச்சு. நான் நம்ம பேரைச் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டார். காவலுக்குத் தெங்குன்னு ரெண்டு மாதிரி பூதம். ஒருத்தருக்கு முழ நீள மூக்கு, இன்னொருத்தருக்குக் காக்கா அலகு. பாதை நெடுக வரிசையாப் பலகை அடிச்சு, மரக்கன்னு குடுத்தவங்க பேரையெல்லாம் எழுதியிருக்காங்க. நம்மூர்க் கோயில்ல டியூப் லைட்டு மேல "உபயம்"னு வெளிச்சம் மறைக்கிற அளவுக்கு எழுதுவாங்களே, அதேதான். பெரியப்பா பேரு ஒண்ணுதான் இல்லை.

கோயிலுக்குப் போற வழி ஒரு இடத்துல ரெண்டாப் பிரியுது. ஒண்ணு ஆம்பளைங்க ஏத்தம், 108 படி. மனுஷனுக்கு உள்ள ஆசை 108-ஆம், படிக்கு ஒண்ணாத் தொலையுமாம். இன்னொண்ணு பொம்பளைங்க ஏத்தம், சுத்திப் போகும், படி கிடையாது. தாத்தா என் பக்கம் திரும்பி, "பெண்கள், இந்தப் பக்கம்"னு விரலை நீட்டினார். வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிறவங்களைத் தூக்கி உக்கார வைக்கிறது என் வேலை, எனக்கு இந்தப் படி ஒரு கேடான்னு நான் படியிலயே இறங்கி, மறுபடி ஏறியும் காட்டினேன். அட்டையில அந்த வரியை அடிச்சிட்டார்.

காசு போடற பெட்டியில ஓட்டை போட்ட அஞ்சு யென் காசு போட்டேன். நீ மஞ்சத்துணியில முடிஞ்சு குடுத்ததைத் தொடலை, அது நம்ம சாமிக்குத்தான். இங்கயும் ஹோமம் வளர்க்கறாங்கம்மா. நேரத்துக்கு நேரம் உண்டு. நாங்க வாசல்ல நிக்கறப்ப சாமியாருங்க வரிசையா வந்தாங்க. முன்னால வந்தவங்க கையில பெரிய சங்கு. ஊதினாங்க.

அப்பத்தாவைத் தூக்கினன்னிக்கு நான் போன்ல கேட்டதும் அந்தச் சத்தம்தான். சின்னவன் போனைப் பிடிச்சிருந்தான், படம் ஆடிக்கிட்டே இருந்துச்சு, முகம் தெரியலை, சங்கு மட்டும்தான் தெளிவாக் கேட்டுச்சு. அப்புறம் நான் டியூட்டிக்குப் போனேன். இங்க மலை உச்சியில நெருப்பு வாசனையும் சங்குமாச் சேர்ந்ததும் எனக்குக் காலு ஓடலை. ஹோமம் முடியற வரைக்கும் தலையை நிமிர்த்தலை. தாத்தா குளிர்ல மூக்கு ஒழுகுதுன்னு நினைச்சுக் காகிதக் கைக்குட்டையை நீட்டினார். அந்த நேரத்துல எனக்கு நம்ம வீட்டுத் திண்ணையில வந்து விழணும்போல இருந்துச்சு. பெரியப்பா உக்காந்திருந்தாலும் பரவாயில்லைன்னு.

அவர் விஷயத்துக்கு வரேன். பங்கை விட்டுக்குடுக்கிற விடுதலைப் பத்திரத்துல நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்னு சொல்றாராமே. போடக்கூடாது. நிலம் அப்பத்தா பேர்ல இருக்கு. வில்லங்கம் நானே இங்கேருந்து நெட்ல போட்டுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. அப்பத்தா உயில் எழுதலை. அப்படின்னா பெரியப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு, அப்பா இல்லாததால அவர் பங்கு அக்கா, நான், சின்னவன் மூணு பேருக்கும். சட்டப்படி உனக்கு அதுல பேர் வராது, அதனாலதான் உன்னை விட்டுட்டு எங்க கையெழுத்துக்கு அலையறார். அத்தையையும் இதே மாதிரி மசிய வச்சுட்டாரான்னு பக்குவமா விசாரி. முதல்ல வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் பாகப்பிரிவினைன்னா நான் சம்மதிக்கறேன். பவர் பத்திரம் அக்கா பேருக்குத்தான் தருவேன். தோக்கியோ தூதரகத்துல நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கணும், அதுக்கு ஒரு நாள் லீவு கேட்டிருக்கேன். அது அங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிடணும், அக்கா வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வை. அவர் எதையும் கடைசி நாள்லதான் செய்வார்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் கம்மியா வந்திருக்கும். யென் விலை இறங்கிப்போச்சு. நூறு யென்னுக்கு எழுபது ரூபா வந்த காலம் போய் அறுபதுக்குக் கீழ நிக்குது. வேற ஒண்ணும் இல்லை. சின்னவன் பீஸை முதல்ல கட்டு. நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிச்சு வை, அக்கா வளைகாப்புக்கு அந்தச் சங்கிலி வேணும்னு அவசரப்பட்டு மீட்காத. வளைகாப்புக்கு நான் வர முடியாது, அதை நானே அக்காகிட்ட சொல்லிக்கறேன். மாப்பிள்ளை ஜாதகம் எதையும் மார்ச் வரைக்கும் எடுக்காத.

மூலப் பத்திரம் அரிசி டின்னுக்கு அடியிலதானே இருக்கு? நாளைக்கே அக்கா வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. பெரியப்பா கேட்டா சின்ன மககிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்லு.

உன் மகள்.

பி.கு: பார்சல் எதுவும் அனுப்பாத, வீண் செலவு. அப்படி அனுப்பறதா இருந்தா புளிக்காய்ச்சல் ரெண்டு பாட்டிலாப் போடு, தாத்தாவுக்கு ஒண்ணு. புது விலாசம் கவர் பின்னால இருக்கு.