சரஸ்வதி மகால் காகிதத்தைப் படிக்க ஆள் உருவாக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரத்தநாட்டுக்காரன். போன மாசம் தங்கச்சி பொண்ணு லீவுக்கு வந்திருந்தா, டாக்டருக்குப் படிக்கிறா, அவளைக் கூட்டிக்கிட்டு தஞ்சாவூர் அரண்மனைக்குப் போயிருந்தேன். எத்தனையோ தடவை போன இடம்தான், ஆனா இந்த தடவை அவ கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, அதை எழுதத்தான் இந்த கடிதம்.

அரண்மனைக்குப் போறவங்க எல்லாருமே மொதல்ல கலைக்கூடத்துக்குத்தான் போவாங்க, அது தப்பும் இல்ல. திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளை மேல கை சாச்சு நிக்கிற சிவனோட வெண்கலச் சிலை, அங்கதான் நிக்கிறார், காளையைக் காணோம், ஆனா அந்த சாஞ்ச கையைப் பாத்தாலே காளை அங்க நிக்கிற மாதிரி இருக்கும், அந்த தலைப்பாகையை எத்தனை நேரம் பாத்தாலும் போதாது. நாயக்கர் தர்பார்ல தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி பளிங்குச் சிலையா நின்னு கும்பிடுறார், ஃபிளாக்ஸ்மேன்ங்கிற இங்கிலாந்து சிற்பி செஞ்சது. அப்புறம் தரங்கம்பாடி பக்கம் கரை ஒதுங்கின திமிங்கலத்தோட எலும்பு, சின்ன பசங்களுக்கு அதுதான் பிடிக்கும். அதோட மணிக்கூண்டு, ஃபோட்டோ, முடிஞ்சுது, பஸ் பிடிச்சு பெரிய கோவிலுக்குப் போயிடுவாங்க. சரஸ்வதி மகால் போர்டைப் பாத்துட்டு ஏதோ லைப்ரரி, உக்காந்து பேப்பர் படிக்கிற இடம்னு நெனச்சு தாண்டிப் போறவங்களை நானே நிறைய பாத்திருக்கேன்.

அந்த கட்டிடத்துக்குள்ள நாற்பதாயிரத்துக்கும் மேல சுவடி இருக்குங்க. ஓலையும் காகிதமுமா, பெரும்பாலும் சமஸ்கிருதம், அதோட தமிழ், மராத்தி, தெலுங்கு. நாயக்கர் காலத்துலேயே ஆரம்பிச்சது, அதை இவ்வளவு பெரிசாக்கினது சரபோஜி. 1799ல ராஜ்யத்தோட நிர்வாகம் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிடுச்சு, கோட்டையும் அரண்மனையும்தான் மிச்சம், அந்த நெலமையில அந்த மனுஷன் புஸ்தகம் வாங்கினார், காசி யாத்திரை போனாக்கூட சுவடி சேத்துக்கிட்டு வந்தார், ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல புஸ்தகம் வரவழைச்சார், தேவநாகரி எழுத்துல அச்சுக்கூடம் வெச்சார், தன்வந்திரி மகால்னு வைத்தியசாலை நடத்தினார். அங்க கண் வைத்தியம் பண்ணிக்கிட்டவங்களோட விவரம், கண்ணை அப்படியே வரைஞ்ச படத்தோட எழுதி வெச்சது இன்னிக்கும் இருக்கு. எங்க பொண்ணு அதைப் பாத்துட்டு அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல, மாமா இது கேஸ் ஷீட்டு, நாங்க இன்னிக்கு எழுதறது இதேதான்னு சொல்லிட்டு, பக்கத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த ஒரு தாளைக் காட்டி இதுல என்ன எழுதியிருக்குனு கேட்டா. எனக்குத் தெரியல. பக்கத்துல நின்னவங்களுக்கும் தெரியல. அது மோடி எழுத்து.

பிரதமர் பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க, மராத்தியை கையெடுக்காம வேகமா எழுதறதுக்குன்னு வெச்சிருந்த ஒரு எழுத்து, கணக்குப்பிள்ளைங்க எழுத்து. தஞ்சை மராட்டியர் ஆட்சி 1670கள்லேர்ந்து 1855 வரைக்கும், அரண்மனையோட அன்றாடக் கணக்கு வழக்கு பெரும்பாலும் இதுலதான் எழுதினாங்க. யாருக்கு என்ன சம்பளம், எந்த வித்வானுக்கு என்ன சன்மானம், வைத்தியருக்கு எவ்வளவு, சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி, இப்படி கட்டு கட்டா இருக்கு. மகாராஷ்டிராவுலேயே இந்த எழுத்து போன நூற்றாண்டு நடுவுல வழக்கத்துல இல்லாம போச்சு, அப்ப நம்ம பக்கம் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருப்பாங்கனு யோசிச்சுப் பாருங்க.

பெரிய கோவில் சுவத்துல தஞ்சை மராட்டிய ராஜாக்களோட போன்ஸ்லே வம்சத்து வரலாறு 1803ல மராத்தியில வெட்டி வெச்சிருக்கு, அதைப் பத்தி கைடு எல்லாம் சொல்றாங்க, ராஜாக்களோட கதை கல்லுல இருக்கு, அழியாது. ஆனா சமையக்காரர், தாசி, யானைப்பாகன், குதிரைக்கு புல்லு கொண்டு வந்தவர், இவங்களோட பேரு எல்லாம் இருக்கறது அந்த காகிதத்துலதான். நம்ம பாட்டன் பூட்டன் அதுலதாங்க இருக்கான்.

எங்க ஊரையே சொல்றேன். ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம் இருக்கு, 1800கள் ஆரம்பத்துல சரபோஜி கட்டினது, ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்கு. யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி கல்லுல செஞ்சிருக்கும், சின்ன வயசுல அந்தக் குதிரை மேல ஏறி உக்காந்து வீட்டுல அடி வாங்கியிருக்கேன். இந்த சத்திரங்களை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கக் கூடாதுனு 1801ல சரபோஜி ரெசிடெண்டுக்கு, அதாவது தஞ்சாவூர்ல இருந்த கம்பெனி பிரதிநிதிக்கு, எழுதின கடிதத்துல, எந்த சாதிக்காரங்க வந்தாலும் சோறு போடுறோம், உடம்பு முடியாதவங்களுக்கு மருந்து குடுக்குறோம், மாசமா இருக்குறவங்களுக்கு பிரசவம் பாக்குறோம், வழியில செத்துப் போனவங்க பிள்ளைங்களை வளத்து படிக்க வைக்கிறோம்னு விவரமா சொல்லியிருக்கார். அது இங்கிலீஷ்காரனுக்குப் போன கடிதம், அதனால நமக்குத் தெரியுது. ஆனா அன்னாடம் எத்தனை பேரு சாப்பிட்டாங்க, யாரு பிரசவம் பாத்தாங்க, அந்தப் பிள்ளைங்க பேரு என்னங்கறதை யாராவது எழுதியிருந்தா மோடியிலதானே எழுதியிருப்பாங்க. அம்பது வயசு தாண்டின எனக்கு எங்க ஊர்க் கணக்கையே படிக்க வழியில்ல.

இதுல வேலையே நடக்கலனு நான் சொல்லல. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989ல மோடி ஆவணத் தமிழாக்கத்தை மூணு தொகுதியா போட்டுச்சு, அது பெரிய உழைப்பு, அதைப் பண்ணினவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா மூணு தொகுதியில அடங்குற சரக்கா அது.

இன்னொரு பயமும் இருக்கு. சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் மொழிபெயர்த்து 1715ல தரங்கம்பாடியில அச்சான தமிழ் புதிய ஏற்பாடு, சரபோஜி கையெழுத்து போட்ட பிரதி, 2005ல இங்கேர்ந்து காணாம போயி 2022ல லண்டன்ல இருக்குனு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கண்டுபிடிச்சுது. சரபோஜியும் அவர் மகன் சிவாஜியும் இருக்கற ஓவியம் ஒண்ணை அமெரிக்காவுல ஒரு மியூசியம் 2006ல வெலை குடுத்து வாங்கி, திருட்டுப் பொருள்னு தெரிஞ்சப்புறம் ஒப்படைச்சுது. அது ரெண்டும் பாத்தா அடையாளம் தெரியற சாமான், அதனால தேட முடிஞ்சுது. யாருமே படிச்சுப் பாக்காத ஒரு கட்டுல நாலு தாள் போனா என்னத்தைனு தேடுவீங்க?

1855ல அந்த சிவாஜி ராஜா ஆண் வாரிசு இல்லாம இறந்தப்ப கிழக்கிந்தியக் கம்பெனி அரண்மனையோட எல்லாத்தையும் பறிமுதல் பண்ணுச்சு. ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கல, லண்டன் வரைக்கும் கேஸ் போனுச்சு, கோர்ட்டுல தோத்தாங்க, ஆனாலும் 1862ல சொத்தை சர்க்கார் திருப்பிக் குடுத்துச்சு. அப்படி மீட்ட குடும்பம்தான் 1918ல இந்த நூலகத்தை பொதுஜனத்துக்குன்னு விட்டுக்குடுத்துச்சு. வித்திருந்தா என்ன காசு வந்திருக்கும்! அந்தக் குடும்பத்து ஆளுங்க இன்னிக்கும் அதே அரண்மனை வளாகத்துலதான் இருக்காங்க. குடுத்தவங்க நம்ம கண்ணு முன்னாடி இருக்கும்போது வாங்கிக்கிட்ட நாம அதைப் பிரிச்சுப் பாக்காம வெச்சிருக்கறது எனக்கு மனசு கேக்கல.

அதனால நான் கேக்கறது இதுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் காலேஜ்கள்ல வரலாறு, தமிழ் படிக்கிற பசங்கள்ல வருஷம் இருபது பேரை எடுத்து மாசம் உதவித்தொகை குடுத்து மோடி எழுத்தும் பழைய மராத்தியும் சொல்லிக் குடுங்க, முடிச்சவங்களுக்கு நூலகத்துலேயே வேலை போட்டுக் குடுங்க, வேலை இல்லைனா எந்தப் பையனும் வரமாட்டான். கட்டு கட்டா ஸ்கேன் பண்ணி எந்தத் தாள்ல என்ன இருக்குன்னு ஒரு வரியாவது தமிழ்ல எழுதி எல்லாரும் பாக்கற மாதிரி வைங்க. பசங்களை டூர் கூட்டிட்டு வர்ற டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள், மணிக்கூண்டு ஏறினப்புறம் அரை மணி நேரம் சரஸ்வதி மகாலுக்கும் ஒதுக்குங்க.

உங்க பத்திரிகைகிட்டயும் ஒண்ணு கேக்கறேன். மூணு தொகுதி தமிழாக்கம்தான் ஏற்கனவே இருக்கே, அதுலேர்ந்து வாரத்துக்கு ஒரு ஆவணம், மூலத்தாளோட படத்தை அனுமதி வாங்கிப் போட்டு, கீழ தமிழ்ல அதுல என்ன இருக்குனு ஞாயித்துக்கிழமை பக்கத்துல போடுங்க. மொதல்ல ஒரத்தநாட்டு சத்திரத்தைப் பத்தி ஏதாவது இருந்தா அதைப் போடுங்க, நான் கட் பண்ணி தங்கச்சி பொண்ணுக்கு அனுப்பணும், அவ கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒரத்தநாடு