இந்த முறை மெர்லோ ஏன் இப்படி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புது மெர்லோ வைன் வந்து மூன்று கிழமைதான். அதற்குள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: "என்ன அண்ணை, போன முறை மாதிரிக் கட்டியா இல்லையே, தண்ணி கலந்திட்டாங்களோ?" ஒருவர் போத்தலையே திருப்பிக் கொண்டுவந்து அடியில் கிடந்த மண்டியைக் காட்டினார். போதாக்குறைக்கு விலையும் இரண்டு பிராங்க் கூடிவிட்டது. கல்லாவில் நின்று அரைகுறையாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று பார்த்தோம்.

இந்த வைன் சுவிஸின் தெற்கில், திச்சினோ மாநிலத்தில், மெண்ட்ரிசியோப் பக்கத்து மலைச்சரிவில் விளைவது. வேரைத் தின்னும் பிலொக்செராப் பூச்சி அங்கே பழைய கொடிகளை அழித்த பிறகு, 1906இல் பிரான்சின் பொர்தோப் பகுதியின் மெர்லோத் திராட்சையைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். மண்ணுக்குப் பிடித்துக்கொண்டது. இன்று திச்சினோத் தோட்டங்களில் ஐந்தில் நாலு பங்கு மெர்லோதான்.

மெர்லோ அவசரக்காரி. முந்தித் துளிர்க்கும், முந்திப் பூக்கும், கபர்னே சோவிஞ்ஞோன் என்ற மற்றக் கறுத்தத் திராட்சைக்கு ஒன்றிரண்டு கிழமை முந்திப் பழுக்கும். ஆனால் பூக்கிற நேரம் மழை பிடித்தால் பூ பிஞ்சாகாமல் கொட்டிவிடும். இப்போது விற்கிற வைனின் திராட்சை பூத்த ஆனி மாதத்தில் மழை விடவேயில்லை. ஊரில் உரும்பிராய், கோண்டாவில் பக்கம் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் விளங்கும். அங்கே என்றால் கொப்பை வெட்டிவிட்டு அதே வருடம் இன்னொரு காய்ப்பைப் பார்க்கலாம். இங்கே கொடி பனிக்காலம் முழுக்க உறங்கும், அடுத்த வருடம்தான்.

புரட்டாதியில் வழமை போல நாங்களும் பழம் வெட்டப் போனோம். கையில் எடுத்த குலை பொக்கைவாய் மாதிரி இருந்தது: நாலு கறுத்த பழம், ஒரு இடைவெளி, நடுவில் மிளகளவு பச்சைக் காய். தோட்டக்காரர் ஒரு பழத்தை வாயில் போட்டு, சதையை விழுங்கி, விதையை மட்டும் கடித்துப் பார்த்தார். நன்றாக முற்றிய விதை வறுத்த கொட்டை போல நொறுங்கும். அன்றைக்கு அது கசந்தது. இன்னும் பத்து நாள் விட ஆசைதான், ஆனால் மெர்லோவின் தோல் மெல்லிசு, அடுத்த மழை வந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். வெட்டினோம்.

பொர்தோவில் இப்படி ஒரு வருடம் வந்தால் கபர்னேயைக் கூட்டிக் கலந்து சமாளிப்பார்கள். அது களவில்லை, அங்கத்தைய வழக்கமே கலப்புத்தான். லேபலில் ஒரு திராட்சையின் பெயரைப் போட்டாலும் கொஞ்சம் வேறு திராட்சை சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கும். எங்களுக்காக நிரப்புகிற போத்தலில் அதுவும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஆகவே அந்த ஆனி மாத மழையும் உங்கள் கிளாசுக்குள் வந்துவிட்டது.

அதற்கேற்ப தோட்டக்காரர் வைன் செய்முறையை மாற்றினார். மற்ற வருடங்களில் சாறும் தோலும் விதையும் மூன்று கிழமை ஒன்றாகக் கிடக்கும். புளிக்கும்போது தோல் மேலே தொப்பி போல மிதக்கும். அதை நாளுக்கு இரண்டு தரம் அமுக்கிவிட வேண்டும். இந்த முறை விதையின் கசப்பு இறங்க முன்பே, பன்னிரண்டாம் நாள் பிரித்துவிட்டார். கட்டி குறைந்ததற்குக் காரணம் அதுதான், தண்ணீர் இல்லை. பிறகு வழமையான இரண்டாம் நொதிப்பு: பச்சை அப்பிளின் கூர்ப்புளிப்பு தயிர்ப்புளிப்பாக மாறும். 225 லீற்றர்ப் பீப்பாய்களிலும் புதியதைத் தொடவில்லை. புது ஓக் மரத்தின் வாசம் இந்த மெல்லிய வைனை அமுக்கியிருக்கும். எங்களுக்கென்னவோ இதில் செரிப்பழ வாசம் போன தடவையை விடத் தெளிவாகத் தெரிகிறது.

மண்டி பழுதில்லை, வடிகட்டாமல் நிரப்புவதால் வருவது. குடிக்கிறதுக்கு முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். குடிக்க முன் இருபது நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். உறைப்பான ஆட்டுக்கறியோடு மட்டும் வேண்டாம். மிளகாய்க்கு மேல் அல்கஹோல் இன்னும் எரிக்கும். கோழிப் பொரியல் நல்ல சோடி.

விளைச்சல் குறைவு, வேலை அதே அளவு. அந்த இரண்டு பிராங்க் அதற்குத்தான். ஆளுக்கு ஆறு போத்தலுக்கு மேல் தர முடியாததும் அதனால்தான். திருப்பித் தந்தவருக்குக் காசைக் கொடுத்துவிட்டோம். அந்தப் போத்தலை அன்றிரவே நாங்கள் குடித்து முடித்தோம்.

அன்புடன்,
கடைக்காரர்