தம்பிக்கு, தொட்டி விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ மான்டிஸ் இறால் வளர்க்கத் தொட்டி வைப்பது பற்றிக் கேட்டதற்குப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். இப்போதெல்லாம் அப்படித்தான் வைக்கிறாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். தொட்டி பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்.

நீ என்னிடம் வந்து கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம். பெங்களூரில் கேட்க ஆளா இல்லை? இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியின் பாசி லேப்பில் நான் குடுவை கழுவும்போது மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். உப்புத்தன்மை பார்க்கிற கருவியை வாங்கி, கண்ணில் வைத்து, "அம்மா, முப்பத்தி மூணு" என்று சரியாகச் சொல்வாய். பயாலஜிஸ்ட் சார் கூட ஒருமுறை உன் கணக்கைத்தான் நோட்டில் எழுதினார். அந்தப் பிள்ளை பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மான்டிஸ் இறாலைக் கடைசியாக வாங்கு. தொட்டி, தண்ணீர், உப்பு, கல் எல்லாம் தயாராகி ஒன்றரை மாதம் ஓடட்டும். அவசரப்படாதே. ஹேச்சரியில் நாங்கள் பட்டதெல்லாம் இதில்தான். கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு பாக்டீரியா. இரண்டும் கல்லிலும் ஃபில்டரிலும் ஒட்டி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு துண்டு இறால் சதையைத் தொட்டியில் போட்டு அழுகவிடு. வாரம் இரண்டு முறை டெஸ்ட் கிட்டில் பார். முதலில் அம்மோனியா ஏறும், அப்புறம் நைட்ரைட் ஏறும். இரண்டும் ஏறி இறங்கி பூஜ்யத்தில் நின்றால்தான் உயிர் விடலாம்.

தொட்டியை இரண்டாவது அறையில் வைப்பதாகச் சொன்னாய். அந்த அறையில் மருமகளின் தையல் மேசை இருந்ததே. ஜன்னல் ஓரம், வெளிச்சம் நன்றாக வருகிறது என்று அவளே பார்த்துப் போட்ட மேசை. அதை எங்கே நகர்த்தினீர்கள்? தொட்டியை மட்டும் அதன் மேல் வைத்துவிடாதே. நீ தேர்ந்தெடுத்த மயில் நிற ஜாதி 18 செ.மீ. வரை வளரும். அதற்கு 150 லிட்டராவது வேண்டும். தண்ணீரே 150 கிலோவுக்கு மேல். கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 200 கிலோவைத் தொடும். இரும்பு ஸ்டாண்டு அடிக்கச் சொல். ஜன்னல் ஓரமும் ஆகாது. அந்த ஜாதிக்கு வெளிச்சம் அதிகமானால் ஓட்டில் நோய் வந்து அரித்துக்கொண்டே போகும். மங்கலாக இருக்கட்டும். அதாவது, அந்த மேசை இருந்த இடம் உனக்கு உதவாது. அது இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

மரக்காணம் உப்பு ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். உப்பளத்தில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்னாடியே படிந்துவிடும், மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடும். பாத்தியில் வாருவது சமையலுக்கான உப்பு. ஓடு கட்டுகிற பிராணிக்கு மற்றச் சத்தும் வேண்டும். மீன் கடையில் கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே வாங்கு. ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்து, ஒரு நாள் ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, அப்புறம் உப்புக் கருவி 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு, காட்டுகிறதா என்று பார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் இல்லை.

தாமிரம், தம்பி. இதை நான் போனிலும் சொன்னேன். மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளிக்குக் கடைக்காரர்கள் காப்பர் மருந்து ஊற்றுவார்கள். மீன் தாங்கும், இறால் இனம் தாங்காது. ஹேச்சரியில் கடல் தண்ணீரில் இருக்கிற கன உலோகத்துக்கே பயந்து, உலோகத்தைக் கட்டிப்போடுகிற இடிடிஏ மருந்து போட்டோம். ஆபீஸ் நண்பரிடம் பழைய தொட்டி வாங்கியதாகச் சொன்னாயே, அவர் அதில் என்ன மருந்து ஊற்றினார் என்று கேட்டாயா? கண்ணாடியை ஒட்டும் சிலிக்கானில் தாமிரம் தங்கும் என்கிறார்கள். சந்தேகமிருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம், பணம் நான் அனுப்புகிறேன். கடைப் பையில் வரும் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றாதே. பிராணியை மட்டும் மெதுவாகப் பழக்கி எடுத்து விடு.

இனி வீடு. பிவிசி குழாய் ஒன்றரை அல்லது இரண்டு அங்குலத்தில் எடு. அதன் உடம்பு நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும், நடுவில் ஒரு வளைவு கொடு, இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். உள்ளே இருட்டாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. கற்களை மணல் மேல் அடுக்காதே, அடிக்கண்ணாடியில் அக்ரிலிக் ஷீட் போட்டு அதன் மேல் நிறுத்து. இது மணலைத் தோண்டும், மேலே இருக்கிற கல் சரிந்து அதன் மேலேயே விழும். உயிர்ப்பாறை என்று பவளக்கல் விற்றால் வாங்காதே. பாறை கட்டும் பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, நாளைக்கு யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வாய்? சாதாரண மட்டி ஓடு அக்கா வீட்டில் நிறையக் கிடக்கிறது, கழுவிக் காயவைத்து அனுப்புகிறேன். வாசலை அடைத்துக்கொள்ள அதற்கு அது போதும். அக்காவின் சின்னவன் நடக்கிறான், அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மான்டிஸ் இறால் முன்காலால் அடிக்கிற அடியைப் பற்றிப் படித்தேன். 2004இல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். வினாடிக்கு 23 மீட்டர் வேகம். அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது உடையும்போது இரண்டாவது அடி விழுகிறது. நத்தை ஓடு அப்படித்தான் உடைகிறது. அதனால் கை விடாதே. எப்போதும் நீளமான இடுக்கி. ஹீட்டரைத் தொட்டிக்குள் வைக்காதே, அடித்து உடைத்தால் தண்ணீரில் கரன்ட். ஃபில்டர் பெட்டிக்குள் வை. பெங்களூரில் மார்கழி இரவுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது, 25, 26 டிகிரி நிற்கட்டும். வயர் ஒவ்வொன்றும் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவோடு வரட்டும், சொட்டும் நீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். கரன்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். இரவில் கரன்ட் போனால் நீ விழிப்பாயா? முன்னெல்லாம் மருமகள் லேசான சத்தத்துக்கே விழித்துக்கொள்வாள்.

தீனி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். நத்தை, சின்ன நண்டு, ஓட்டோடு மட்டி. உடைத்துத் தின்பதுதான் அதற்கு வேலை. பண்ணை இறாலைப் பச்சையாகப் போடாதே. தொண்ணூறுகளின் நடுவில் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து பண்ணை பண்ணையாகப் போனது உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. அந்த வைரஸ் நண்டையும் பிடிக்கும். மிச்சத்தை அன்றைக்கே எடுத்துவிடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு. போனில் சாப்பிட்டாயா என்றால் "ஆர்டர் பண்ணிட்டேன்" என்கிறாய். வீட்டில் சமைப்பது நின்றுவிட்டதா?

அதனோடு வேறு மீன் எதுவும் விடாதே, தனியாகத்தான் வளர்க்க வேண்டும். ஆனால் இந்த இனம் முழுவதும் அப்படி இல்லையாம். வரிக்குதிரை போலக் கோடு போட்ட ஒரு பெரிய ஜாதி இருக்கிறது. மணலில் குழி தோண்டி ஆணும் பெண்ணும் அதில் வருடக்கணக்காக ஒன்றாகவே இருக்குமாம். ஆண் வாசலில் இருந்து பிடித்துக்கொண்டு வந்து கொடுக்கும். நீ ஏன் மயில் நிற ஜாதியைத் தேர்ந்தெடுத்தாய் என்று யோசித்தேன். அழகுக்காகத்தான் இருக்கும்.

ஒரு நாள் அது வாசலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். தின்னாது. செத்துவிட்டது என்று குச்சி விட்டுக் குடையாதே. ஓடு உரிக்கிற நேரம் அது. சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். புது ஓடு இறுகும் வரை அதற்கு அடிக்கவும் தெம்பு இருக்காது, தற்காத்துக்கொள்ளவும் முடியாது. தண்ணீரை மட்டும் சரியாக வைத்துக் காத்திரு. ஹேச்சரியில் நான் அதைத்தான் செய்தேன். உன் விஷயத்திலும் இரண்டு மாதமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் நீ இறால் இல்லை தம்பி. எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது உன்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு நான் திண்டிவனம் போய் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தோம். பாட்டி நன்றாகத்தான் இருந்தாள். அப்பா மாலை பஸ்ஸில் வந்தார். யார் செய்தது தவறு என்று அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், என் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் வந்திருக்காவிட்டால் நானாக வந்திருக்க மாட்டேன். அந்தப் பிடிவாதம் எனக்கு இருந்தது. மருமகளுக்கும் இருக்கும், அவள் நல்ல பெண், ரோஷக்காரி. சேலத்துக்கு நாலைந்து மணி நேரம் கூட ஆகாது உனக்கு.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று. தொட்டிக்கு மூடி போடு. காப்பர் பற்றி அந்த நண்பரிடம் இன்றைக்கே கேட்டுவிடு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் எவ்வளவு காட்டுகிறது என்று ஞாயிறுதோறும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். மருமகளுக்கு நான் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. புது எண் உன்னிடம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா