வந்த அன்றே அளந்து சீட்டுத் தாருங்கள்: நெல் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நெல் கொள்முதலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடையில் பயிர் செய்யும் ஓர் உழவன் எழுதும் மடல் இது. குறுவை அறுவடையின்போது எங்கள் பகுதிக் கொள்முதல் நிலையத்தில், காய்ந்த நெல்லை வந்தவுடன் அளக்காமல் காக்கவைத்து, மழையில் நனைந்த பிறகு அளந்தார்கள். தை மாதத்தில் சம்பா நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டியபோதும், ஈரப்பதம் அளக்கும் மானியை நெல்லில் வைத்துக்கூடப் பார்க்காமல், "ஈரம் இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வாருங்கள்" என்ற அதே பதில் வந்தது. அதனால்தான் எழுத நேர்ந்தது.

2025 சித்திரையில் பொன்னேர் பூட்டி முதல் உழவைத் தொடங்கிய நாள் முதல், வயலில் நடக்கும் வேலையை அன்றன்று இரவே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். என்ன வேலை, எத்தனை ஆள், என்ன கூலி, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர், மழை உண்டா இல்லையா என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஓராண்டு நிறைந்ததும் முழுவதையும் படித்துப் பார்த்தேன். நாற்றங்கால், நாற்றுப்பறி, நடவு, களை, மேலுரம், கிட்டி வைத்து எலி பிடித்தது என்று உழைத்த நாள்களின் குறிப்பெல்லாம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பக்கம் பக்கமாக எழுதியிருப்பதெல்லாம் அறுவடை முடிந்த பிறகு, நிலையத்து வாசலில் காத்துக் கிடந்த நாள்களைப் பற்றித்தான்.

மேட்டூர் அணை 2025 ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றின் கிளைகளைக் கடந்து எங்கள் மடைக்கு வந்து, 110 நாள் வயதுடைய குறுவை நெல் ரகமான ஆடுதுறை 36 விளைந்து முற்றுவதற்கும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கும் இடையே எங்களுக்குக் கிடைப்பது சில நாள்கள்தாம். அந்தச் சில நாள்களுக்குள் அறுவடை இயந்திரம் பிடித்து, அறுத்த நெல்லைச் சாலையோரத்தில் பரப்பி நன்றாகக் காயவைத்தோம். பக்கத்து அரிசி ஆலையில் மானி இருக்கிறது. அதில் அளந்தபோது 16 விழுக்காடு ஈரம் காட்டியது. உங்கள் கொள்முதல் வரம்பு 17. அந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, நிலையத்தின் எதிரே நெல்லைக் குவித்துக் காத்திருந்தோம். முதலில் சாக்கு வரவில்லை என்றார்கள். சாக்கு வந்த பிறகு, முன்பே எடுத்த மூட்டைகளை ஏற்றிச் செல்ல லாரி வரவில்லை, அடுக்க இடமில்லை என்றார்கள். அத்தனை நாளும் மானியோடு ஒருவரும் எங்கள் குவியல் பக்கம் வரவில்லை. பிறகு மழை வந்தது.

குவித்த நெல்லை மழையில் காப்பது என்ன வேலை என்பது செய்தவருக்குத்தான் தெரியும். தார்ப்பாய் போட்டால் மேலே நனையாது. ஆனால் மூடிய நெல் உள்ளே புழுங்கிச் சூடேறும், அப்படியே விட்டால் நிறம் மாறிவிடும். ஆகவே மழை விட்ட நேரமெல்லாம், அது நள்ளிரவானாலும், பாயை விலக்கிக் குவியலைக் கலைத்துக் காலால் கிளறிக் காற்றாட விட வேண்டும். தூறல் விழுந்ததும் மறுபடியும் கூட்டி மூட வேண்டும். சாலையிலிருந்து ஓடிவந்த நீரைத் திருப்பிவிட, குவியலைச் சுற்றி மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினோம். ஆனி மாதம் வயலுக்குத் தண்ணீர் வராதா என்று வெட்டிய அதே மண்வெட்டிதான். அப்படியும் அடிநெல் நனைந்து முளைவிட்டது. முளைத்ததைத் தனியே அள்ளிக் கூடையில் சேர்த்த என் மனைவி, "இதை நாற்றங்காலில் விட்டிருந்தால் அடுத்த தாளடி நடவுக்காவது ஆகியிருக்கும்" என்றாள்.

கடைசியில் மானி வந்தபோது 17-ஐத் தாண்டித்தான் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? உங்கள் வாசலில் பெய்த மழையையும் சேர்த்தல்லவா அது அளந்தது!

நான் கேட்பது ஒன்றுதான். நெல் நிலையத்துக்கு வந்து சேர்ந்த அன்றே ஈரப்பதத்தை அளந்து, தேதி, நேரம், மானி காட்டிய எண் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றை உழவர் கையில் தர வேண்டும். எடை போடும் நாள் எதுவானாலும் அந்தச் சீட்டில் உள்ள எண்ணே செல்லுபடியாக வேண்டும். நனைந்த நெல்லை அப்படியே கிடங்கில் அடுக்கச் சொல்லவில்லை. அதைக் காயவைக்கும் செலவு, காத்திருக்க வைத்தவர்களின் கணக்கில் ஏறட்டும் என்கிறேன். இணையவழிப் பதிவு இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். எந்த நாளில் வர வேண்டும் என்பதை அது சொல்கிறது. வந்த நாளில் நெல் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை.

ஈரப்பத வரம்பைத் தளர்த்துவதை நான் குறைசொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பின் வரம்பு 20 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது எங்களில் பலரைக் காப்பாற்றியது. 2025 அக்டோபரில் அதை 22 ஆக்க வேண்டும் என்று மாநில அரசு கோரியபோது, மத்தியக் குழுவினர் வந்து மாதிரி எடுத்துச் சென்றார்கள். ஆனால் கோரிக்கை டெல்லி போய், குழு இறங்கி, மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று முடிவு வரும் வரை நெல் பொறுத்திருக்காது. வந்த அன்றே அளந்த சீட்டு இருந்திருந்தால், பல குவியல்களுக்கு அந்தத் தளர்வே தேவைப்பட்டிருக்காது. பொறுக்க முடியாதவர்கள் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் பொது ரகத்துக்கு அரசு அறிவித்த குவிண்டால் 2,500 ரூபாய் என்பது அவர்கள் செய்தித்தாளில் படித்ததோடு சரி.

நிலையத்தில் வேலை செய்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. சுமை தூக்கும் தொழிலாளர்களும் எங்களைப் போலவே நனைந்துகொண்டுதான் நிற்கிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்ற கையூட்டுப் பேச்சையும் இங்கே எடுக்கப்போவதில்லை. அதற்குத் தனி மடல் வேண்டும். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020-இல் சட்டம் வந்தது. மண்டலம் பத்திரமாக இருக்கிறது. அதில் விளைந்த நெல்லுக்குத்தான் ஒரு கூரை இல்லை. தூர்வாரும் இயந்திரம் தண்ணீர் வருகிற நேரத்தில் வருகிறது, யூரியா கேட்டால் வேண்டாத இன்னொன்றையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள், மானிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. மழைக்கு மட்டும் அந்த விதியை யாரும் சொல்லவில்லை போலும். மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போகிறேன்.

கொள்முதல் பருவம் வரும் செப்டம்பர் 1 அன்று மீண்டும் தொடங்கும். நிலையத்துக்கு ஒரு சீட்டுப் புத்தகமும், படி எடுக்க ஒரு கார்பன் தாளும், ஏற்கெனவே அங்கே இருக்கும் மானியும் போதும். புதிய கட்டடமோ புதிய திட்டமோ இதற்குத் தேவையில்லை. நெல் வந்த அன்றே அளந்து சீட்டுத் தருமாறு எல்லா நிலையங்களுக்கும் அதற்குள் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்றால், ஏன் இயலாது என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். அதையும் தேதி போட்டு நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெண்ணாற்றுக் கடைமடை உழவன்