விடுபட்ட காணிக்குப் போகும் பிள்ளைக்கு

அன்புள்ள பிள்ளை,

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் உங்கள் காணியும் இராணுவத்திடமிருந்து விடுபட்டுவிட்டது, அடுத்த கிழமை ஜேசிபி பிடித்துப் பற்றையெல்லாம் வழித்துவிடப் போகிறீர்கள் என்று அறிந்தேன். அந்த ஜேசிபியைக் கொஞ்சம் நிற்பாட்டி வையுங்கள். முதல் நாளே பற்றையோடு சேர்த்து வழித்தெறியப்படுகிற சில அடையாளங்களைப் பிறகு எந்தக் காசு கொடுத்தும் திருப்பி எடுக்கமுடியாது.

அம்மா இந்தக் காணியை உங்களுக்குச் சீதனமாக எழுதியபோது அது முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடந்தது. எழுதிக் கொடுத்தவர் எல்லையைக் காட்டவில்லை, வாங்கிய நீங்கள் மண்ணில் கால் வைக்கவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் சீதனம் கொடுத்தன. பலாலி ஓடுபாதையும் காங்கேசன்துறைத் துறைமுகமும் இராணுவத்துக்கு உயிர்நாடியாக இருந்தன. அவற்றின்மீது எறிகணை விழாத தூரம் வரைக்கும் ஊர்களை வெறுமையாக்கினார்கள். 1990 யூனில் சனம் வெளிக்கிட்டது. மயிலிட்டித் துறை 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இந்த 27 வருடத்தில் எல்லை தெரிந்த கிழவர்கள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் செத்துப்போனார்கள். எனக்கு இடிந்த வீட்டைவிடப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான். வீட்டைக் கல்லும் சீமெந்தும் கொண்டு திரும்பக் கட்டலாம்.

முதலில் கண்ணிவெடி. காணி விடுபட்டது என்ற கடிதமும் வெடி அகற்றப்பட்டது என்ற சான்றும் ஒன்றல்ல. கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு, அகற்றியவர்களின் வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் வளவு முழுவதும் அதற்குள் அடங்குகிறதா, எத்தனை சென்ரிமீற்றர் ஆழம் வரைக்கும் துப்புரவாக்கினார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். ஆழம் ஏன் முக்கியம் என்றால், அத்திவாரமும் மலசலகூடக் குழியும் அதைவிடக் கீழே போகும். போர்க்காலத்து மண் அணை இருந்த இடமென்றால் இன்னும் கவனம். அணைக்கு மண் எங்கிருந்து வழித்து வந்ததோ, அங்கே கிடந்ததும் சேர்ந்து வந்திருக்கும். அந்த மண்ணை எடுத்து அத்திவாரம் நிரப்பவேண்டாம். பற்றைக்கு நெருப்பு வைக்கவும் வேண்டாம், வெடிக்காத எறிகணை சூட்டில் வெடிக்கும். அமுக்குவெடி உள்ளங்கைக்குள் அடங்கும். புலிகள் செய்த ஜொனி என்ற மிதிவெடியின் மரப்பெட்டி உக்கிப்போயிருக்கலாம், உள்ளே இருக்கும் மருந்து உக்காது. மாரிமழை இவற்றை இடம் மாற்றியும் விடும். சந்தேகமாக ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த கால்தடத்திலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது எல்லை. இங்கேதான் அவசரப்பட்டவர்கள் அழுகிறார்கள். அம்மாவின் காணி உறுதிப் பத்திரத்தின் அட்டவணையை எடுத்து வாசியுங்கள். ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "பரப்பு 4 குளி 9. இதற்கெல்லை கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாருடைய காணி, மேற்கு இன்னாருடைய காணி, தெற்கு இன்னாருடைய காணி. இதற்குள் அடங்கிய நிலமும் வான்பயிர் செய்பயிரும், தெற்கெல்லைக் காணியிலுள்ள கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும்." அடிக்கணக்கோ கல் இலக்கமோ இருக்காது. எல்லையாகச் சொல்லப்பட்டவர்கள் இருவர் செத்திருப்பார்கள், ஒருவர் கனடாவில் இருப்பார். அந்த எல்லையில் நின்ற பனைகளைத் தறித்துப் பங்கருக்குக் கூரை போட்டுவிட்டார்கள். கிளுவை வேலி புல்டோசரோடு போய்விட்டது.

அதனால் மிஞ்சியிருப்பதைத் தேடுங்கள். கிணறு பெரும்பாலும் இடம் மாறாது. கோயில் கட்டு, மதகு, ஒழுங்கையின் முடக்கு, ஒரு வரிசையில் நிற்கும் பூவரசு, பழைய மதிலின் அத்திவாரக் கல் என்று கண்டதையெல்லாம் படம் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். ஜேசிபி வழிப்பது முதலில் இவற்றைத்தான். பிறகு உரிமம் பெற்ற நிலஅளவையாளரைக் கூட்டிவாருங்கள். பக்கத்துக் காணிக்காரருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள், வெளிநாட்டில் இருப்பவரென்றால் அவருடைய அற்றோணித் தத்துவக்காரர் (அவர் சார்பில் செயற்பட எழுத்தில் அதிகாரம் பெற்றவர்) வந்து நிற்கவேண்டும். அந்தத் தத்துவப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், பொய்த் தத்துவத்தில் காணி கைமாறுவதும் நடக்கிறது. 4 பரப்பு 9 குளி என்றால் நாலரைப் பரப்பு (18 குளி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்). அளந்து வருவது ஓரிரு குளி கூடிக் குறையலாம். அரைப் பரப்பு குறைந்தால் உங்கள் வேலி மட்டும் பிழை என்று எண்ணாதீர்கள், அந்த வரிசை முழுவதும் நகர்ந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து அளப்பித்தால் செலவும் குறையும், கோபமும் குறையும்.

உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தாலும் பயப்படவேண்டாம். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் காணிப் பெயரை வைத்துப் பதிவேட்டில் தேடவேண்டும், நாள் செல்லும். 2013இல் இந்தப் பகுதியில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது, உரித்தாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்றுதான் அதில் எழுதினார்கள். உரித்தாளர்கள் சில மைல் தூரத்தில் முகாமில் இருந்தார்கள். கையில் பிரதி இருந்தால் அப்படி எழுதுவது கடினம்.

இனி எழுதக் கஷ்டமாக இருக்கிற விசயம். 2009க்குப் பிறகு உங்கள் புருசனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. நீங்கள் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்டவர். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சீதனக் காணி உங்களுடையதே என்றாலும், அதை விற்கவோ ஈடு வைக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணாமற்போனவரிடம் கையெழுத்து எப்படி வாங்குவது? வீடு கட்டக் கடனுக்குக் காணியை ஈடு வைக்கப் போகிற இடத்தில்தான் பெண்களுக்கு இது தெரியவருகிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சட்டம் போரோடு சேர்ந்து இப்படி நெரிக்கிறது. இது மாறவேண்டும். ஆனால் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புருசன் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றமே அந்த அனுமதியைத் தரலாம் என்று அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டத்தரணியிடம் இதைக் கேளுங்கள்.

காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கான 2010இன் 19ஆம் இலக்கச் சட்டப்படி மரணச் சான்றிதழ் எடுத்தால் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழி செய்திருக்கிறார்கள். எதை எடுப்பதென்று கடன் கொடுப்பவரோ கிராம அலுவலரோ மாமா மாமியோ முடிவெடுக்கக்கூடாது. செத்துவிட்டார் என்று நீங்கள் கையெழுத்து வைக்கத் தேவையில்லாத வழி இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

கடைசியாகக் கிணறு. இத்தனை வருடம் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் வெடிபொருள் போட்டிருக்கலாம், வெடி அகற்றுபவர்கள் பார்த்த பிறகே இறங்கவேண்டும். பெற்றோல் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம், புகை அடியில் தங்கி இறங்கியவரைக் கொல்லும். மெசினை மேலே வைத்துக் குழாயை விடுங்கள். இறைத்து, சேறு அள்ளி, ஊற விட்டுப் பிறகு குளோரின் மருந்து போடுங்கள். 10 அடி விட்டக் கிணற்றில் 7 அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 15,500 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கணக்கில், 70 வீதத் தூளென்றால் 1.1 கிலோ, 30 வீத பிளீச்சிங் தூளென்றால் 2.6 கிலோ. வாளியில் கரைத்து அடைய விட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். கடற்கரைப் பக்கமாதலால் ஒரே மூச்சில் அடிகாண இறைக்கவேண்டாம். நம் சுண்ணக்கல்லுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது, கூட இறைத்தால் உப்பு மேலே வரும். குடிக்க முன் பீ.எச்.ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லிப் பரிசோதிப்பியுங்கள்.

உங்கள் உறுதியில் கிணற்றுப் பங்கு தெற்குக் காணியில் என்றிருந்தால், அந்தக் காணிக்காரர் வரமுன் மூடிக் கட்டவோ புதிதாகத் தோண்டவோ வேண்டாம். இந்தக் கிழமையே பதிவகத்துக்குப் போய், பிரதி கிடைத்ததும் அட்டவணைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லை வரியை இருவருமாக இருந்து வாசிப்போம்.

அன்புடன்,
அண்ணா