விசையைப் பிடிக்க இன்டரப்ட் எதற்கு? அசெம்பிளி நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிஐ-83 பிளஸ், 84 பிளஸ் கால்குலேட்டர்களுக்கு அசெம்பிளியில் நிரல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஹோம் ஸ்கிரீனில் ஒரு விசையை அழுத்தினால் மெனு விரியும் துணை நிரல் இன்னொன்று வந்திருக்கிறது. அதுவும் ஐஎம் 2 இன்டரப்டில்தான் உட்கார்ந்திருக்கிறது; அதாவது, டைமர் குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் ஓஎஸ்-இன் (இயங்குதளத்தின்) நிரலுக்குப் பதில் நம் நிரல்துண்டை ஓடவைக்கும் முறை. வெளியேறும்போது ஓஎஸ்-இன் வழக்கமான முறையான ஐஎம் 1-க்குத் திரும்புவதும் இல்லை. விசைக்கென்றே ரா கீ ஹூக் இருக்கிறது: விசையை அழுத்தும்போது ஓஎஸ் தானே நம் நிரல்துண்டைக் கூப்பிடும் வசதி. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

விளைவு உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கே தாவ வேண்டும் என்ற முகவரியைத் தரும் இன்டரப்ட் அட்டவணையும் அது தாவும் நிரல்துண்டும் வழக்கம்போல ரேமில் ஹெக்ஸ் 9872-இல் தொடங்கும் 768 பைட் இடத்தில் கிடக்கின்றன. அது பொதுத் திண்ணை. அடுத்துத் திறக்கும் ஆப் தன் திரைப் படத்தை அங்கேயே கொட்டும். டைமரோ நொடிக்கு 100 தடவைக்கு மேல் அடிக்கிறது. அடுத்த அடியிலேயே இசட்80 செயலி படப்புள்ளிகளைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஓடும். பிறகு திரையில் 'ரேம் கிளியர்ட்'. ஃபிளாஷ் நினைவகத்தில் ஆர்க்கைவ் செய்யாத நிரல், பட்டியல், மேட்ரிக்ஸ் அத்தனையும் போயிற்று. உங்கள் நிரல் பத்து நிமிடம் முன்பே முடிந்துவிட்டதால் பழி அந்த ஆப்பின் தலையில் விழுகிறது.

அட்டவணையை 256 பைட்டோடு நிறுத்தியவர்களும் உண்டு. அட்டவணையில் எந்த இடத்தைப் படிப்பது என்பதை அந்த நேரத்தில் பஸ்ஸில் (செயலியின் தரவுக் கம்பிகளில்) இருக்கும் எண் தீர்மானிக்கும்; எந்த எண் வரும் என்று உறுதியில்லை. 255 வந்தால் இரண்டு பைட் முகவரியின் மேல்பாதி 257-ஆவது பைட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு பைட் மிச்சம்! வாழ்க சிக்கனம்.

ஹூக் என்றால் ஓஎஸ் நிரல்துண்டின் முகவரியையும் அது இருக்கும் நினைவகப் பக்க எண்ணையும் குறித்து வைக்கும், கூப்பிடும்போது சரியான ஃபிளாஷ் பக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். முதல் பைட் ஹெக்ஸ் 83 இல்லையென்றால் உள்ளே நுழையவே நுழையாது. இன்டரப்டுக்கு இப்படி ஒரு வாயிற்காவலன் இல்லை.

ஹூக் பக்கம் வந்தவர்களும் முழுக்க யோக்கியமில்லை. ஒவ்வொரு வகைக்கும் நாற்காலி ஒன்றுதான். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் முகவரியையும் பக்க எண்ணையும் எடுத்து வைத்து, நீங்கள் எழும்போது திருப்பிக் கொடுங்கள். ஹூக்கின் நிரல்துண்டு, நிரல் ஓடும்வரை மட்டுமே நிலைக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

கிரேஸ்கேலுக்கும் (கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறம் காட்டுவது) லிங்க் போர்ட் வழி ஒலிக்கும் இன்டரப்ட்தான் சரி, மறுக்கவில்லை. விசைப்பலகையின் போர்ட் 1-ஐ நேரடியாகப் படிக்கும் விளையாட்டில் ரா கீ ஹூக் விழிக்கவே விழிக்காது. அங்கே ஐஎம் 2 வையுங்கள். விசையைப் படிக்கும் ஓஎஸ் துணை நிரலான கெட்சிஎஸ்சி வேலை செய்ய வேண்டுமானால் ஐஒய் ரெஜிஸ்டரைக் கெடுக்காமல் கடைசியில் ஓஎஸ்-இன் இன்டரப்ட் நிரல் தொடங்கும் ஹெக்ஸ் 0038-க்குத் தாவுங்கள்.

மெனு நிரலின் அடுத்த பதிப்பை ஹூக்குக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். அதற்கு நேரமில்லையென்றால், நிரலை முடிக்கும் ரெட் கட்டளைக்கு முன்னால் ஐஎம் 1 என்று ஒரு வரி மட்டும் சேருங்கள். இரண்டே பைட்.

இப்படிக்கு,
உங்கள் நிரல்களைப் பிரித்துப் பிழை தேடுவோர்